அறுபத்தொரு ஆட்டங்கள்

பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலிற் கற்பித்த விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. முப்பத்தைந்து ஆண்டுகள் அவ்விதியைத் தவறாமற் கடைப்பிடித்த நான் இன்று அதனை மீறியே பேச வேண்டியிருக்கிறது. நான் எடுத்துக்கொண்ட பொருளில் நம்மவர்க்குத் தெரிந்த பகுதி மிகக் குறைவு. ஆஸ்திரேலிய நாட்டில், அதிலும் சிறப்பாக விக்டோரியா மாநிலத்தில் ஆடப்படும் ஒருவகைப் பந்தாட்டத்தைப் பற்றியும், அதனைத் தொழிலாகக் கொண்டு பதினெட்டு வயதிற் புகுந்து இருபத்து மூன்று வயதில் வெளியேறிய ஓர் இளைஞரைப் பற்றியும் சொல்லப் போகிறேன்.

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியனுக்கும் ஆஸ்திரேலியப் பந்தாட்டத்திற்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். என் மகள் மெல்போர்ன் நகரின் மேற்குப் புறநகர் ஒன்றில் குடும்பத்தோடு வாழ்கிறாள். இன்று அப்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. ஓய்வு பெற்றபின் சில மாதங்கள் அங்குச் சென்று தங்கியிருந்தேன். நம் ஊரில் ஆடிக் காற்று அடிக்கும் காலத்தில் அங்கே எலும்பை ஊடுருவும் குளிர். ஒரு சனிக்கிழமை என் பேத்தி சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகப் பின்னிய கம்பளித் துணியைக் கழுத்திற் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். "தாத்தா, இன்றைக்குப் புல்டாக்ஸ் ஆட்டம். வருகிறீர்களா?" என்றாள். வீட்டிற்குள் உட்கார்ந்து நடுங்குவதைக் காட்டிலும் வெளியே போய் நடுங்கலாம் என்று கிளம்பினேன்.

முதல் ஆட்டம் எனக்குச் சற்றும் விளங்கவில்லை. சந்தையில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய கன்றுக்குட்டியைப் பிடிக்க முப்பத்தாறு பேர் ஓடுவது போலத்தான் தோன்றிற்று. பேத்தி ஆசிரியையானாள், நான் மாணவனானேன். அவள் எனக்குச் சொன்னதை உங்களுக்குச் சுருக்கிச் சொல்கிறேன்.

ஆடுகளம் முட்டை வடிவானது. நீளம் 135 முதல் 185 மீட்டர் வரை இருக்கலாம். இவ்வளவுதான் என்ற கண்டிப்பு இல்லை. பந்தும் முட்டை வடிவமே. ஆகையால் தரையிற் பட்டால் எப்பக்கம் துள்ளும் என்று எவராலும் சொல்ல முடியாது. பக்கத்திற்குப் பதினெட்டுப் பேர். பந்தை உதைக்கலாம், கையில் ஏந்தி ஓடலாம். ஆனால் பதினைந்து மீட்டருக்கு ஒருமுறையேனும் அதனைத் தரையில் தட்டியோ தொடுவித்தோ எடுத்தல் வேண்டும். தோழனுக்கு எறிதல் கூடாது. ஓர் உள்ளங்கையில் வைத்து மற்றக் கையின் முட்டியால் குத்தி அனுப்புதல் வேண்டும். பதினைந்து மீட்டருக்குக் குறையாமல் உதைக்கப்பட்டு வரும் பந்தை ஒருவன் நேரே பிடித்துவிட்டால் அதற்கு 'மார்க்' என்று பெயர். மார்க் எடுத்தவனை எவரும் நெருங்கித் தடுத்தல் கூடாது. அவன் நின்று, நிதானித்து உதைக்கலாம். இந்த மார்க்கிற்காகவே ஆட்டக்காரர்கள் ஒருவர் தோள்மீது ஒருவர் முழங்காலை ஊன்றி வானத்தில் எழும்புகிறார்கள். நெடியவனுக்கும் வலியவனுக்கும் இவ்வாட்டத்தில் உள்ள மதிப்பு இதனால் வந்ததே.

இரு கோடியிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். காலால் உதைத்த பந்து நடுக்கம்பங்கள் இரண்டிற்கும் இடையே எவர் மீதும் படாமற் சென்றால் அது கோல், ஆறு புள்ளி. சற்றே தவறி ஓரக் கம்பத்திற்கும் நடுக்கம்பத்திற்கும் இடையே சென்றால் அதற்குப் 'பிஹைண்ட்' என்று பெயர்; ஒரு புள்ளி. குறி தவறியவனுக்கும் ஒரு மதிப்பெண் கொடுக்கும் ஆட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆசிரியனான எனக்கு இவ்விதி மிகவும் பிடித்துப் போயிற்று.

ஆட்டம் நான்கு பகுதிகளாக நடைபெறும். ஒவ்வொன்றும் இருபது நிமிடம் என்பது கணக்கு. பந்து நின்ற நேரத்தையும் சேர்த்தால் அரைமணி வரை நீளும். நடுக்களத்தில் ஆடுவோர் ஓர் ஆட்டத்திற்குள் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோமீட்டர் ஓடுகின்றனர். ஓடுகின்றனர் என்பதோடு நிற்கவில்லை, ஓடும்போதே இடிபடுகின்றனர்.

இவ்வாட்டம் நேற்று முளைத்ததன்று. 1858ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரத்துக் கிரிக்கெட் வீரர் டாம் வில்ஸ் என்பவர், குளிர்காலத்தில் உடல் தளராதிருக்க ஒரு பந்தாட்டக் கழகம் வேண்டும் என்று பத்திரிகைக்கு எழுதினார். அடுத்த ஆண்டு, 1859 மே மாதத்தில், ஆட்டத்தின் விதிகள் எழுதப்பட்டன. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கமே 1863இல்தான் தோன்றிற்று என்பதை நினைத்துப் பாருங்கள். 1897இல் எட்டுக் கழகங்கள் சேர்ந்து விக்டோரியக் கால்பந்துச் சங்கத்தின் போட்டிகளைத் தொடங்கின. அவ்வெட்டும் மெல்போர்ன் நகரின் பேட்டைகளையும் அருகிலுள்ள ஜீலாங் நகரையும் சேர்ந்தவை. நம்முடைய கதைக்குரிய புட்ஸ்கிரே கழகம் 1925இல் அதிற் சேர்ந்தது.

புட்ஸ்கிரே தொழிலாளர் பேட்டை. ஆலைகளும் இறைச்சிக் கூடங்களும் வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருந்த இடம். கழகத்தின் அடையாளம் புல்டாக் நாய். அந்நாளில் ஆட்டக்காரர்கள் வாரம் முழுவதும் வேறு வேலை பார்த்துச் சனிக்கிழமை ஆடினர். ஓர் ஆட்டத்திற்கு மூன்று பவுனுக்கு மேல் எவருக்கும் கொடுத்தல் கூடாது என்று 1930இல் சங்கம் ஒரு விதியே செய்திருந்தது. ஆட்டக்காரன் ரசிகனுடைய தெருவிலேயே குடியிருந்தான்; ஞாயிற்றுக்கிழமை அவன் வாசலிலேயே நின்று நேற்றைய தவற்றை அவனிடம் எடுத்துச் சொல்லவும் முடிந்தது.

1954இல் புட்ஸ்கிரே கழகம் இறுதியாட்டத்தில் மெல்போர்ன் கழகத்தை 51 புள்ளி வேறுபாட்டில் வென்று முதன்முறையாகப் பட்டம் பெற்றது. அந்த அணியில் டெட் விட்டன் என்னும் இளைஞர் ஆடினார். 1951 முதல் 1970 வரை ஒரே கழகத்திற்கு 321 ஆட்டங்கள் ஆடியவர் அவர். இன்றும் புட்ஸ்கிரேயில் அவர் பெயர் தாங்கிய ஆடுகளத்தின் வாயிலில் அவருடைய சிலை நிற்கிறது. நான் அதன் அருகிற் சென்று நின்று பார்த்திருக்கிறேன். பந்தைக் கையில் கொண்டு நிற்கும் அவரைப் பேருந்திற்குக் காத்திருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள்.

அதன்பின் பட்டம் வரவில்லை. பத்தாண்டு, இருபதாண்டு, நாற்பதாண்டு என்று போயிற்று. 1989இல் பணமுடையால் இக்கழகத்தை வேறொரு கழகத்தோடு இணைத்துவிடத் தலைமைச் சங்கம் முடிவு செய்தது. ஊர்மக்கள் ஒப்பவில்லை. வீடு வீடாகச் சென்று காசு திரட்டிக் கழகத்தை மீட்டுக்கொண்டனர். கழகம் பிற்காலத்தில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இதற்கிடையே ஆட்டத்தின் தன்மையே மாறிவிட்டது. 1982இல் ஒரு கழகம் சிட்னி நகருக்குக் குடிபெயர்ந்தது. 1987இல் பெர்த் நகரிலும் பிரிஸ்பேனிலும் புதிய கழகங்கள் தோன்றின. 1990இல் விக்டோரியச் சங்கம் ஆஸ்திரேலியச் சங்கம் என்று பெயர் பூண்டது. தொலைக்காட்சிப் பணம் பெருகிற்று. சனிக்கிழமை ஆடியவன் வாரம் முழுவதும் ஆட்டத்திற்கே உரியவனானான்.

இவ்விடத்தில் 'டிராப்ட்' என்னும் ஏற்பாட்டைச் சற்று விளக்க வேண்டும். அது விளங்காவிட்டால் பின்னால் வரும் செய்தி ஒன்றும் விளங்காது. பணமுள்ள கழகமே நல்ல பிள்ளைகளை எல்லாம் வாங்கிக்கொண்டு போனால் ஏழைக் கழகம் என்ன செய்யும்? ஆகையால் 1986 முதல் ஒரு முறை கொண்டுவந்தனர். ஆண்டு முடிவில், பதினெட்டு வயதை எட்டும் பிள்ளைகளைக் கழகங்கள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். கடைசி இடத்தில் நின்ற கழகத்திற்கு முதல் உரிமை. ஒவ்வொரு கழகமும் ஆட்டக்காரர்க்கு மொத்தத்தில் இவ்வளவுதான் ஊதியமாகத் தரலாம் என்ற உச்சவரம்பும் அக்காலத்தில் வந்தது. நலிந்தவனுக்கு முதற்பங்கு என்னும் இந்த ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டிலும் பல துறைகளுக்கு இதனைச் சிபாரிசு செய்யலாம்.

ஆனால் தேர்ந்தெடுக்கப்படும் பிள்ளையின் பக்கம் நின்று பாருங்கள். எந்த ஊருக்குப் போவது, எவரிடம் வேலை செய்வது என்பதை அவன் தீர்மானிப்பதில்லை. மேலும், நாடு முழுவதிலுமிருந்து வந்த பிள்ளைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு ஊரறியச் சொல்கிறார்கள். அந்த எண் அவனுடைய பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. முப்பது வயதிலும், 'இவர் இந்த ஆண்டின் முதல் எண்' என்றே எழுதுவார்கள்.

2013ஆம் ஆண்டின் முதல் எண் டாம் பாய்டு.

1995 ஆகஸ்டில் பிறந்தவர். டெட் விட்டன் மறைந்ததும் அதே மாதத்தில்தான். மெல்போர்னின் கிழக்குப் புறநகரில் வளர்ந்தவர். பதினெட்டு வயதுப் பிள்ளையை 'அவர்' என்பது என்னைப் போன்ற பள்ளிக்கூடத்து ஆளுக்கு எளிதன்று. ஆயினும் அவ்வாறே சொல்கிறேன். இரண்டு மீட்டர் உயரம். எதிரியின் கோல் கம்பங்களுக்கு அருகில் நின்று, வரும் பந்தை எழும்பிப் பிடித்துக் கோல் அடிக்கும் முன்னணி ஆட்டக்காரர். அப்படிப்பட்டவர் அரிதினும் அரிது. ஆகையால் எல்லாக் கழகங்களும் ஏங்கும்.

கடைசி இடத்தில் அவ்வாண்டு நின்றது, கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி என்னும் புதிய கழகம். 2012இல் தொடங்கப்பட்ட அது அவ்வாண்டில் இரண்டே ஆட்டங்களிலும் 2013இல் ஒரே ஆட்டத்திலும் வென்றிருந்தது. ரக்பி ஆடும் மேற்குச் சிட்னியில் இவ்வாட்டத்தை ஊன்றச் செய்வதற்காக நிறுவப்பட்ட கழகம் அது. பாய்டு வீட்டை விட்டு அங்கே சென்றார். முதல் ஒப்பந்தம் இரண்டு ஆண்டு. 2014இல் ஒன்பது ஆட்டங்கள் ஆடினார்.

பொதுவாக நெடிய முன்னணி ஆட்டக்காரர் முதிர்வதற்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பது இவ்வாட்டம் அறிந்தவர் அனைவரும் ஒப்புக்கொள்ளும் செய்தி. காரணம் எளிது. சிறிய உடலினன் வேகத்தால் பிழைத்துக்கொள்வான். நெடியவனோ, முப்பது வயதுடைய, தொண்ணூறு நூறு கிலோ எடையுள்ள தடுப்பாளனோடு தோளிடித்து நிற்க வேண்டும். பதினெட்டு வயதில் எலும்பு நீண்டிருக்கும், தசை ஏறியிராது. தென்னங்கன்றை நட்டு மறு ஆண்டே இளநீர் கேட்பார் உண்டோ?

கேட்டார்கள். 2014 அக்டோபரில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கழகத்தில் ஒரு குழப்பம் ஏற்பட்டது. அதன் அணித்தலைவர் ரயன் கிரிபென், தாம் சிட்னிக் கழகத்திற்குப் போக விரும்புவதாகச் சொன்னார். பயிற்சியாளரும் பதவி விலகினார். தலையும் இன்றி, வழிகாட்டியும் இன்றி நின்ற கழகம் துணிந்து ஒரு காரியம் செய்தது. கிரிபெனையும், அவ்வாண்டுத் தேர்வில் தனக்குரிய ஆறாம் இடத்தையும் கொடுத்துவிட்டுப் பாய்டை வாங்கிக்கொண்டது. ஏழாண்டு ஒப்பந்தம், ஏறத்தாழ எழுபது லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அவருக்கு வயது பத்தொன்பது. ஆடியிருந்தவை ஒன்பதே ஆட்டங்கள்.

இந்த இளைஞர்களின் வாரம் எப்படிக் கழிகிறது என்பதையும் கேளுங்கள். நவம்பரில் பயிற்சி தொடங்கும். கோடை வெயிலில் நான்கு மாதம் ஓட்டமும் எடை தூக்கலும். மார்ச்சு முதல் செப்டம்பர் வரை வாரம் ஓர் ஆட்டம். ஆட்டம் முடிந்த மறுநாள் உடம்பின் ஒவ்வொரு மூட்டையும் சோதிப்பர். அதற்கடுத்து, அணியினர் அனைவரும் உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவன் செய்த தவறும் திரையில் காட்டப்படும். முதுகில் இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே சிறு கருவியொன்றைக் கட்டியிருப்பர். எவ்வளவு தூரம் ஓடினான், எவ்வளவு விரைவில் ஓடினான் என்பதை அது கணக்கெடுத்துச் சொல்லும். தோலின் கீழுள்ள கொழுப்பையும் அளப்பர். கழகத்தில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இருக்க, களத்தில் இறங்குவோர் இருபத்துச் சொச்சம் பேரே. ஆகவே வியாழக்கிழமைதோறும் தேர்வு முடிவு வெளியாவது போல அணிப் பட்டியல் வெளியாகும். நாம் ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை வாட்டுகிறோம். அவர்கள் வாரத்திற்கு ஒருமுறை.

பாய்டுக்கு இவற்றோடு மற்றொரு சுமையும் சேர்ந்தது. அவர் எத்தனை பந்து பிடித்தார், எத்தனை கோல் அடித்தார் என்பதை அவருடைய ஊதியத்தோடு வைத்து வகுத்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு வந்துவிட்டது. 2015 சுமாராகப் போயிற்று. 2016இல் சில ஆட்டங்களுக்கு அவரை அணியிலேயே சேர்க்கவில்லை. எழுபது லட்சத்தை ஆற்றில் போட்டார்கள் என்று பேசினர்.

இனி 2016ஆம் ஆண்டின் இறுதியாட்டத்திற்கு வருகிறேன். என் பேத்தி பிறக்காத காலத்து நிகழ்ச்சி போல அதனை அவள் சொல்வாள். அப்போது அவள் தாய் மடியில் இருந்தவளே. படப்பதிவை நான்கைந்து முறை அவளோடு பார்த்திருக்கிறேன்.

அவ்வாண்டு புல்டாக்ஸ் ஏழாம் இடத்தில் முடித்தது. ஏழாமிடத்திலிருந்து பட்டம் வென்றவர் அதற்கு முன் எவரும் இலர். ஆனால் அவர்கள் பெர்த்துக்குச் சென்று வெஸ்ட் கோஸ்ட் கழகத்தை வென்றனர். அதற்கு முன் மூன்றாண்டு தொடர்ந்து பட்டம் வைத்திருந்த ஹாதார்னை வென்றனர். பின்னர்ச் சிட்னிக்குச் சென்று, பாய்டின் பழைய கழகத்தையே ஆறு புள்ளியில் வென்றனர். அக்டோபர் முதல் நாள், மெல்போர்ன் கிரிக்கெட் அரங்கில், 99,981 பேர் கூடியிருக்க, முதலிடத்திலிருந்த சிட்னி ஸ்வான்ஸ் கழகத்தை எதிர்த்து நின்றனர்.

எதிரணியில் லான்ஸ் பிராங்க்ளின் இருந்தார். அவரும் நெடிய முன்னணி வீரர். ஒன்பதாண்டுக்கு ஒரு கோடி டாலர் என்று 2013இல் ஒப்பந்தம் பெற்றவர். அவரே 2015 செப்டம்பரில், மனநலம் குன்றியமையால் அவ்வாண்டின் கடைசி ஆட்டங்களில் ஆடாமல் விலகியிருந்தார். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று பாய்டு ஆடிய ஆட்டம் எவரும் எதிர்பாராதது. கூட்டத்தின் நடுவே எழும்பி எழும்பிப் பந்தைப் பிடித்தார். மூன்று கோல் அடித்தார். கடைசிப் பகுதியில் சில புள்ளிகளே இடைவெளி. பிராங்க்ளின் பந்தை எடுத்துத் திரும்புகிறார். புல்டாக்ஸின் மூத்த தடுப்பாளர் டேல் மாரிஸ் பின்னாலிருந்து அவரைக் கட்டிப் பிடிக்கிறார். பந்து நழுவி உருள்கிறது. ஓடி வந்து அதனை எடுத்தவர் பாய்டு. நிற்கும் இடம் ஆடுகளத்தின் நடுவட்டாரம். கோல் கம்பம் எங்கோ இருக்கிறது. முன்னே எவரும் இல்லை. அடுத்தவனுக்குக் கொடுப்பதா, ஓடுவதா என்று யோசிக்கவில்லை, உதைத்துவிட்டார். பந்து வானில் நெடுந்தூரம் சென்று, கம்பங்களுக்கு முன்னே விழுந்து, துள்ளிற்று. முட்டை வடிவப் பந்து எப்பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது என்றேன் அல்லவா? அது நேரே துள்ளி உள்ளே சென்றது.

புல்டாக்ஸ் 13 கோல், 11 பிஹைண்ட். பதின்மூன்றை ஆறால் பெருக்கிப் பதினொன்றைக் கூட்டுங்கள், 89. சிட்னி 10 கோல், 7 பிஹைண்ட்; 67. இருபத்திரண்டு புள்ளி வேறுபாட்டில், அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் பட்டம் வந்தது. அணித்தலைவர் பாப் மர்பி முழங்கால் காயத்தால் அன்று ஆடவில்லை. பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் தமக்கு அணிவித்த பதக்கத்தைக் கழற்றி, மர்பியை மேடைக்கு அழைத்து அவர் கழுத்தில் இட்டார். அந்த இடத்தில் என் மருமகப்பிள்ளை ஒவ்வொரு முறையும் எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுகிறார். தண்ணீர் குடிக்கத்தான் என்கிறார்.

எழுபது லட்சமும் அந்த ஓர் உதைக்கே சரியாகப் போயிற்று என்று அதே வாய்கள் பேசின. பணத்தைக் கோலால் வகுத்தவர்கள் இப்போது கோலைப் பணத்தால் வகுத்தார்கள். கணக்கு மாறிற்றேயன்றிக் கணக்குப் பார்ப்பது நிற்கவில்லை.

மறு ஆண்டு, 2017இன் நடுவில், பாய்டு ஆட்டத்திலிருந்து விடுப்புப் பெற்றார். மனச்சோர்வு நோய் என்று வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டது. உறக்கம் வராமையும், திடீர் திடீரென்று நெஞ்சைப் பிடிக்கும் அச்சமும் தம்மை நெடுநாள் வருத்தியதை அவரே பிற்காலத்தில் பேசியிருக்கிறார். 2018இல் திரும்பி வந்து ஆடினார். முதுகும் ஒத்துழைக்கவில்லை. 2019 மே மாதத்தில் ஓய்வு அறிவித்தார். ஒப்பந்தம் 2021 முடிவு வரை இருந்தது. இன்னும் இரண்டரை ஆண்டு ஊதியத்தை வேண்டாமென்று விட்டுப் போனார். வயது இருபத்து மூன்று. ஆடியவை மொத்தம் 61 ஆட்டங்கள்.

இந்தச் செய்தியை முதலிற் கேட்டபோது, நேயர்களே, நான் சொன்ன சொல் என்ன தெரியுமா? "பணம் கொடுத்தும் உழைக்க மாட்டேன் என்கிறானே" என்றேன். பேத்தி ஒன்றும் பேசவில்லை. என் மகள்தான், "அப்பா, அப்பேர்ப்பட்டவர்களை உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். கேட்டவள் வேறொன்றை நினைத்துக் கேட்கவில்லை. ஆனால் எனக்கு உறைத்தது.

நான் தலைமை ஆசிரியனாக இருந்த பள்ளியில் ஒரு மாணவன் மாவட்டத்திலேயே முதல்வனாகத் தேறினான். நெசவாளி மகன். பத்திரிகையில் படம் வந்தது. நான் அவன் தோளில் கைபோட்டு நின்றேன். பெரிய கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்துச் சென்றான். இரண்டாம் ஆண்டில் திரும்பி வந்துவிட்டான். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான் என்று அவன் தாய் வந்து அழுதாள். நான் போய்ப் பார்த்தேன். அவனிடம் நான் சொன்னது இதுதான்: "மாவட்ட முதல்வன் இப்படிச் செய்யலாமா?" அவன் எழுந்து உட்கார்ந்து, "இல்லை ஐயா" என்றான். மறுநாளும் படுத்துத்தான் இருந்தான். சோம்பல் என்று முடிவு கட்டிக்கொண்டு நான் போகாமல் இருந்துவிட்டேன். காய்ச்சலென்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பேன். முப்பத்தைந்து ஆண்டுப் பயிற்சியில் இதற்குத் தொட்டுப் பார்க்கும் இடம் எது என்று நான் கற்றுக்கொள்ளவில்லை.

நிற்க. முதல் எண் பெற்றவரெல்லாம் இப்படியே ஆகின்றனர் என்று நீங்கள் கொள்ளலாகாது. பாய்டுக்கு அடுத்த ஆண்டின் முதல் எண் பேடி மெக்கார்ட்டின். அவருக்கு வந்தது வேறு இடர். தலையில் மீண்டும் மீண்டும் பட்ட அடிகளால் அவர் ஆட்டத்தை விட நேர்ந்தது. ஒருமுறை திரும்பி வந்து 2022இல் சிட்னி அணியில் இறுதியாட்டம் வரை ஆடினார். 2023இல் மறுபடியும் விட வேண்டியதாயிற்று. அதே 2013ஆம் ஆண்டுத் தேர்வில் நான்காம் எண் பெற்றவர் மார்க்கஸ் பாண்டெம்பெல்லி. அவரை எடுத்ததும் புல்டாக்ஸ்தான். அவர் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து, 2020இல் அணித்தலைவரானார். இக்காலத்து ஆட்டக்காரருள் தலைசிறந்தவர் வரிசையில் வைத்து எண்ணப்படுகிறார். 2016இல் பாய்டும் அவரும் ஒரே பட்டத்திற்கு ஆடினர். ஒன்று, நான்கு என்ற எண்களை வைத்து எதைச் சொல்ல முடியும்?

எண்ணே பெறாத ஒருவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாய்டு விலகிய அதே 2019 மே மாத முடிவில், இடைப்பருவத் தேர்வு ஒன்று நடந்தது. அதில் ரிச்மண்ட் கழகம், மார்லியன் பிக்கெட் என்பவரை எடுத்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ளூர்ச் சங்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவர், வயது இருபத்தேழு. ஆண்டுதோறும் தேர்வு நடந்தும் அதுவரை அவரை எவரும் கேட்கவில்லை. ரிச்மண்டும் அவரை எடுத்தபின் பெரிய அணியில் சேர்க்காமல் வைத்திருந்து, செப்டம்பர் 28ஆம் நாள் இறுதியாட்டத்தில் முதன்முறையாக இறக்கிற்று. இறுதியாட்டமே முதலாட்டமாக ஒருவர் ஆடியது 1952க்குப் பின் அதுவே. எதிரி யார்? கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி. ரிச்மண்ட் 89 புள்ளி வேறுபாட்டில் வென்றது. பாய்டு புறப்பட்ட வயதைவிட நான்கு வயது மூத்தவராகப் பிக்கெட் வந்து சேர்ந்தார்.

கழகங்களும் சும்மா இருந்துவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்களுக்கென்று தனிச் சங்கம் 1970களிலிருந்தே உண்டு. படிப்புக்கும், ஆட்டம் முடிந்தபின் வேறு தொழில் தேடுவதற்கும், மனநல மருத்துவத்திற்கும் அது உதவுகிறது. கழகங்களில் உளநூல் அறிஞர்கள் இருக்கின்றனர். பிராங்க்ளின் 2015இல் விலகியபோது அவர் கழகம் அவரைக் குறை கூறவில்லை. அவர் திரும்பி வந்து, 2022இல் தம் ஆயிரமாவது கோலை அடித்து, 2023 வரை ஆடினார். ஆகவே விலகுவது முடிவுமாகலாம், இடைவேளையுமாகலாம். எது என்று தீர்மானிக்கும் உரிமை ஆடுபவனுக்கே உண்டு என்பதை அந்நாட்டார் மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டு வருகின்றனர். முற்றிலும் ஒப்புக்கொண்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வானொலியில் அழைத்துப் பேசும் ரசிகர்களை நானே கேட்டிருக்கிறேன்.

2021இல், பாய்டின் ஒப்பந்தம் முடிந்திருக்க வேண்டிய அந்த ஆண்டில், புல்டாக்ஸ் மறுபடியும் இறுதியாட்டத்திற்கு வந்தது. தொற்றுநோய் காரணமாக ஆட்டம் பெர்த் நகரில் நடந்தது. மூன்றாம் பகுதியில் முன்னணியில் இருந்தவர்கள், அதன்பின் சரிந்து, மெல்போர்ன் கழகத்திடம் 74 புள்ளியில் தோற்றனர். பாய்டு இருந்திருந்தால் என்ற பேச்சும் எழாமல் இல்லை. இருபத்தாறு வயது, நெடியவர்கள் முதிரும் வயது. ஆனால் அவர் அப்போது வேறு வேலையில் இருந்தார். ஊர் ஊராகச் சென்று பள்ளிகளிலும் தொழிற்கூடங்களிலும் மனநலத்தைப் பற்றிப் பேசி வந்தார். மறு ஆண்டு தம் வாழ்வை ஒரு நூலாக எழுதி வெளியிட்டார்.

என் பேத்தியின் அலமாரியில் இருந்த அந்நூலை அகராதியின் துணையோடு படித்து முடித்தேன். ஊருக்குத் திரும்பும்போது மெல்போர்னில் ஒரு படி வாங்கிக்கொண்டு வந்து, பழைய மாணவனுக்கு அனுப்பி வைத்தேன். அவன் இப்போது பக்கத்து ஊரில் நூல் வியாபாரம் செய்கிறான். திருமணமாகி இரண்டு குழந்தைகள். அன்று நான் சொன்னதற்கு வருந்துகிறேன் என்று உள்ளே ஒரு சீட்டும் எழுதி வைத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து மறுமொழி வந்தது. சீட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. குழந்தைகள் நலம் என்றும், நூலைப் பாதி படித்திருக்கிறேன் என்றும் எழுதி, இறுதியாட்டத்தில் அந்தப் பந்து எத்தனை மீட்டர் போயிற்று ஐயா என்று கேட்டிருந்தான்.

அறுபதுக்கு மேல் என்று எழுதினேன்.